மூன்று உத்தரணித் தீர்த்தம்

1. நல்ல நேரம் பார்த்த ஆராய்ச்சி

திருச்சியில் அந்த மருத்துவமனையின் பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் முதலில் பார்த்தது, சந்தனம் குங்குமம் வைத்த ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. பக்கத்துப் பெட்டியில் அட்ரியமைசின், அதற்கும் பொட்டு. டிரிப் ஸ்டாண்டின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள்.

எங்கள் சீஃப் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எண்பதுகளில் அப்படி வந்தவர்கள் எல்லோரிடமும் ஓர் ஆராய்ச்சி இருந்தது. இவருடையது இது: எலும்புப் புற்றுநோய்க்குக் காலையே எடுத்த பிறகும், சிலருக்கு அது நுரையீரலில் மறுபடி தலைகாட்டும். அவர்களுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் அடங்குமா? நல்ல கேள்விதான். ஆனால் அதைத் தொடங்க ராகு காலம் முடியட்டும் என்று நாங்கள் எல்லோரும் கைகட்டி நின்றோம்.

"மணி என்ன ஆச்சு பாரும்மா. பத்தரைக்கு மேலதான் ஊசி ஏறணும்," என்றார் சீஃப்.

எதையும் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். முதல் நாள் கற்றவை:

ஒன்று: சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்பில் தண்ணீர் தாராளமாக ஓடினால்தான் மருந்து வம்பு செய்யாமல் வெளியே போகும்.

இரண்டு: அட்ரியமைசின் சிவப்பு. அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். உறவினர்கள் ரத்தம் என்று அலறுவார்கள். நாம் அலறக் கூடாது.

மூன்று: ஆராய்ச்சியின் விதிமுறைக்குப் பெயர் "புரோட்டோகால்". சீஃப் அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

2. கூட்டணி

வைதேகி ஸ்ரீரங்கத்துப் பெண். பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருடம் சென்னையில் வலது காலை எடுத்திருந்தார்கள். இப்போது மார்பு எக்ஸ்ரேயில் சில புள்ளிகள். அம்மா கூடவே வார்டில் தங்கியிருந்தார். மடிப்புக் கலையாத புடவை, கையில் எப்போதும் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு.

சீஃப் அவளுக்குத் தமிழில் விளக்க முயன்றார். "ரெண்டு மருந்தும் தனித்தனியா வீக். சேந்தா ஸ்ட்ராங். அதான் காம்பினேஷன்."

"கூட்டணின்னு சொல்லுங்கோ டாக்டர்," என்றாள் வைதேகி. "ஜெயிச்சா எந்த மருந்துக்கு மந்திரி பதவி?"

சீஃப் சிரிக்கவில்லை. அது அவருக்கே விடை தெரியாத கேள்வி என்பதால் இருக்கலாம்.

வார்டு சிஸ்டர் ஸ்டெல்லா மேலப்புதூர்க்காரர். நோயாளி தண்ணீர் குடிப்பதைக் கவனிப்பது அவர் பொறுப்பு. முதல் சுற்று மருந்தின்போதே வைதேகியின் அம்மா அவரைத் திருத்திவிட்டார்.

"எங்காத்துல தண்ணின்னு சொல்ற வழக்கமில்லை சிஸ்டர். தீர்த்தம்னுதான் சொல்லுவோம்."

புது பாஷை ஒன்றைக் கற்றுக்கொண்ட பெருமை ஸ்டெல்லாவுக்கு. அன்றிலிருந்து அந்தக் கட்டிலுக்குப் போனால் மட்டும், "மாமி, தீர்த்தம் ஆச்சா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். "பாத்தியா, நானும் அய்யங்கார் ஆயிட்டேன்."

சில சுற்றுகளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் புள்ளிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. சீஃப் அந்த எக்ஸ்ரேயைச் சென்னையில் நடக்கவிருந்த மருத்துவ மாநாட்டுக்கு ஸ்லைடு போடக் கொடுத்தார். அவருடைய ஆராய்ச்சியில் அவ்வளவு நன்றாகச் சுருங்கியவை வைதேகியின் புள்ளிகள் மட்டும்தான்.

3. ஏகாதசி

அடுத்த சுற்று மார்கழியில் வந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள்.

"ஏகாதசி கழிச்சு வெச்சுக்கப்படாதா டாக்டர்?" என்று கேட்டார் வைதேகியின் அம்மா.

"கேன்சர் பஞ்சாங்கம் பாக்காதும்மா," என்றார் எலுமிச்சம்பழம் வைத்த சீஃப். "புரோட்டோகால்."

உண்மையில் பஞ்சாங்கம் பார்த்தது மாநாடுதான். அதற்கு முன் இன்னொரு சுற்று முடிந்தால் கணக்கு அழகாக இருக்கும்.

மருந்து ஏறியது. எங்கள் முறைப்படி, அன்று முழுவதும் சலைன் ஓடும். மறுநாள் டிரிப்பைக் கழற்றிவிட்டு வாய்வழியாகத் தண்ணீர் குடிக்கச் செய்வோம். மறுநாள் ஏகாதசி. ஸ்டெல்லா காலையில் கேட்டார்: "மாமி, தீர்த்தம் ஆச்சா?"

"ஆச்சு."

பகலில் ஒருமுறை கேட்டார். "ஆச்சு, ஆச்சு."

பிற்பகலில் லேபுக்கு வைதேகியின் சிறுநீர்க் கேன் வந்தது. தூக்கினேன், காலிக் கேன் போல எடையே இல்லை. ரத்தத்தைச் சோதித்தேன். சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின் ஏறத் தொடங்கியிருந்தது. கேனும் கையுமாக மாடிக்குப் போனேன்.

"சிஸ்டர், வைதேகி தண்ணி குடிச்சாளா இல்லையா?"

"ரெண்டு தடவ கேட்டேனே. தீர்த்தம் ஆச்சுன்னாங்க."

நான் அம்மாவிடம் திரும்பினேன். "மாமி, எவ்வளவு தீர்த்தம்?"

செம்புக்குள் கிடந்த சின்னஞ்சிறு கரண்டியை எடுத்துக் காட்டினார். பூஜையில் துளித்துளியாகத் தீர்த்தம் கொடுக்கும் உத்தரணி. "மூணு உத்தரணி. பெருமாள் தீர்த்தம். ஏகாதசியோன்னோ! அதுக்கு மேல ஒரு சொட்டுகூடப் படாது. இவ புள்ளியெல்லாம் கரையணும்னு வேண்டிண்டிருக்கேன்."

"மாதாவே!" என்றார் ஸ்டெல்லா. அய்யங்கார் வேஷம் அந்த இடத்தில் கலைந்தது.

"நீயாவது சொல்லக் கூடாதா?" என்றேன் வைதேகியிடம்.

உதடு வெடித்துப் படுத்திருந்தாள். "குடிச்சா வாந்தி வரது. விரதம்னதும் சௌகரியமாப் போச்சு. பெருமாளும் அம்மாவும் ஒரே கட்சி. நான் எதிர்க்கட்சியா இருக்க முடியுமா?"

சலைன் மறுபடி ஏற வேண்டும். அதற்கு சீஃப் எழுதித் தர வேண்டும். அவர் அறையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்லைடுகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வைதேகிக்கு யூரின் சரியாப் போகலை. கிரியாட்டினின் ஏறுது."

"எந்த வைதேகி?"

"உங்க கையில இருக்காளே சார், அந்த வைதேகி."

ஸ்லைடைக் கீழே வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வந்தது கவலை அல்ல, கோபம்.

"சிறுநீரகத்துக்குப் பாதிப்பே இல்லேன்னு மாநாட்டுக் கட்டுரையில டைப் அடிச்சாச்சும்மா! ஒருத்தி விரதம் இருந்ததுக்கு என் மருந்துக்குக் கெட்ட பேரா? இது புரோட்டோகால் மீறல். அவ பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு."

"எடுத்துடறேன் சார். அவ பேரு போனா அவ எக்ஸ்ரேயும் போயிடும். சுருங்குன புள்ளின்னு காட்ட வேற ஸ்லைடு வெச்சிருக்கீங்களா?"

ஸ்லைடை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். புள்ளிகள் சுருங்கியேதான் இருந்தன. பிறகு பேனாவை எடுத்து சலைனுக்கு எழுதினார். வைதேகியின் பெயர் லிஸ்டிலேயே இருந்தது.

பாட்டிலோடு மேலே போனால் அம்மா கையை மறித்தார். "விரதம்?"

நான் பட்டியல் போட்டேன். "மாமி, இது இப்ப ஏறலேன்னா கிட்னி கெட்டுடும். கிட்னி கெட்டா இந்த மருந்த இனிமே குடுக்க முடியாது. மருந்து நின்னா புள்ளி பெருகும். நீங்க வேண்டிக்கிட்டது எதுக்கு?"

அவர் செம்பைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "வாயில படாதோன்னோ?"

"படாது. நேரா நரம்புல."

"அப்போ விரதத்துக்குப் பங்கமில்லை," என்று தீர்ப்புச் சொல்லிக் கையை எடுத்தார். சீஃபின் புரோட்டோகாலில் இல்லாத நெளிவு அவருடைய சாஸ்திரத்தில் இருந்தது.

ஊசி ஏறும்போது வைதேகி கண்ணைத் திறந்தாள். "ஊர்ல எல்லாரும் பரமபத வாசல்ல நுழையறா. எனக்கு இங்க கையிலேயே ஒரு வாசல் திறந்தாச்சு."

"நாக்குல தர்ப்பையப் போட்டுப் பொசுக்க! நல்ல நாளும் அதுவுமா!" என்றார் அம்மா. திட்டிக்கொண்டே மகளின் காலைத் தடவினார். இருந்த ஒரு காலை.

4. ஆட்சிக் காலம்

கேன் மறுபடி கனத்தது. சில நாளில் கிரியாட்டினினும் இறங்கியது. சீஃப் மாநாட்டிலிருந்து மாலையும் கழுத்துமாகத் திரும்பினார். "நோயாளிகள் குடிக்கும் தண்ணீர் மிகக் கவனமாக மேற்பார்வை செய்யப்பட்டது" என்று பேசினாராம். ஸ்டெல்லா அதைக் கேட்டுவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு லேபுக்குள் ஓடி வந்தார்.

வைதேகி எல்லாச் சுற்றுகளையும் முடித்தாள். கட்டைக்காலோடு போய்ப் பரீட்சை எழுதித் தேறினாள். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் எக்ஸ்ரேயில் புள்ளிகள் மறுபடி வந்தன. "கூட்டணி ஒரு டெர்ம்கூட முடிக்கலை பாத்தேளா," என்றாள் என்னிடம். "இருந்தாலும் டிகிரி வாங்கற வரைக்கும் ஆட்சி நடந்துது." இரண்டாவது முறை எந்த மருந்தும் பலிக்கவில்லை.

சீஃப் இன்று வரை அந்த ஸ்லைடைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு வந்த எக்ஸ்ரேக்கு ஸ்லைடு போடவில்லை.

லேபுக்கும் வார்டுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருவது இதுதான். மருந்துச் சீட்டில் முதல் வரியாகத் தண்ணீரை எழுதுங்கள். குடித்தீர்களா என்று கேட்காதீர்கள். எதில் குடித்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பாத்திரத்தைக் கண்ணால் பாருங்கள்.

ஸ்டெல்லா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். எந்தக் கட்டிலானாலும் ஒரே கேள்விதான். போன வாரம் வையம்பட்டியிலிருந்து வந்த கடலை விவசாயியிடமும் அதையே கேட்டார்.

"உத்தரணியா, சொம்பா?"

"சொம்புதாங்க," என்றார் அவர். "உத்தரணின்னா அது எந்தப் பக்கத்து ஊருங்க?"

"ஸ்ரீரங்கத்துப் பக்கம்," என்றார் ஸ்டெல்லா. "அங்க போயிடாதீங்க. சொம்பக் காட்டுங்க."