பாம்பு கடிக்காமல் கட்டிய கட்டு

"ரெண்டு காலுலயுமா சார் கடிச்சிருச்சு?" என்று கேட்டுக்கொண்டே அன்னவாசல் மைதானக் காவலாளி கருப்பையா ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவின் இரண்டு தொடைகளிலும் பட்டை கட்டியிருந்தேன். நம் பக்கம் காலை இறுக்கிக் கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பாம்புக்கடி.

ஸ்டெல்லா ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரர். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயதுப்படி அவருக்கு அதுதான் கடைசி வருடம். மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அந்த நேரம் பார்த்து முழங்கால் வலி. எடை தூக்கினால் வலிக்கும், தூக்காவிட்டால் கால் வலு போய்விடும். பிசியோதெரபிஸ்ட் என்று என்னை நம்பி வந்தார்.

நானும் அப்போதுதான் பி.எஃப்.ஆர். பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, ஊருக்கே புத்தி சொல்லும் மிதப்பில் இருந்தேன். தொடையின் மேல்பகுதியில் பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, லேசான எடையைத் தூக்கவைக்கும் முறை அது. மூட்டுக்குப் பளு இல்லாமல் கால் வலுவாகும். ஆனால் முதலில் டாப்ளர் கருவியில் கால் நாடியைக் கேட்டுக்கொண்டே காற்றுப் பட்டையை ஊத வேண்டும். சத்தம் நிற்கும் அழுத்தத்தில் பாதியளவு வைத்துக்கொள்ள வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும்.

புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் டாப்ளர் இருந்தது. என் அறைக்கு எதிரே, சர்க்கரை நோயாளிகளின் பாதம் பார்க்கும் பிரிவில். பொறுப்பு லலிதா சிஸ்டர். அவரோடு எனக்கு ஆறு மாதமாகப் பேச்சில்லை. நான் லீவில் இருந்தபோது என் அறை சீலிங் ஃபேனைக் கழற்றித் தன் பிரிவில் மாட்டிக்கொண்டவர் அவர். அவரிடம் போய் நான் நிற்பதா? இத்தனை வருட சர்வீஸில் என் கைக்குத் தெரியாத இறுக்கமா என்று, அழுத்தமானி இல்லாத எலாஸ்டிக் பட்டையை வாங்கிக் கட்டிவிட்டேன்.

இரண்டாவது செட்டிலேயே ஸ்டெல்லா சொன்னார்: "சார், பாதம் மரத்துப் போகுது."

"அப்படித்தாம்மா இருக்கும். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மூன்றாவது செட்டில் அவரால் காலை நீட்ட முடியவில்லை. பாதம் வெளுத்திருந்தது. கருப்பையா ஓடி வந்தது அப்போதுதான். அவசரமாகப் பட்டையை அவிழ்த்தேன். இந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பயந்துபோனேன்.

ஆம்புலன்ஸ் நேராக என் மருத்துவமனைக்கே போனது. காஷுவாலிட்டியில் இளம் டாக்டரம்மா கேட்டார்: "என்ன பாம்பு சார்?"

"பாம்பு இல்லீங்க டாக்டர். நாந்தான்."

விவரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாம்பு கடிச்சாக்கூட இப்படிக் கட்டாதீங்கன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்கோம். நீங்க கடிக்காமலே கட்டியிருக்கீங்க."

பாத நாடி பார்க்க டாப்ளர் வரச் சொன்னார். கொண்டு வந்தது லலிதா சிஸ்டர். ஜெல் தடவிக் கருவியை வைத்ததும் இரண்டு பாதத்திலும் துடிப்பு கேட்டது.

"இந்த மிஷினு எங்க சார் இருந்துச்சு?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"எதுத்த ரூம்லம்மா."

"அப்ப ஏன் சார் வச்சுப் பாக்கல? எனக்குன்னு இருக்கறது இந்த ரெண்டு காலுதான்."

ஒரு ஃபேனுக்காக என்று சொல்லாமல், அவர் பாதத்தில் இருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டேன்.

நல்லவேளையாகக் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் கழித்து, டாக்டர் சம்மதத்தோடு, நானே எதிர் அறைக்குப் போனேன். "டாப்ளர் எடுத்துக்கங்க சார். ஃபேன மட்டும் கேக்காதீங்க" என்றார் சிஸ்டர். ஸ்டெல்லாவை அழைத்துவந்து, இந்த முறை அளந்து கட்டினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வாரம் லேசான எடையோடு பயிற்சி நடந்தது. மரத்துப் போகிறது என்று அவர் சொன்னால் உடனே அவிழ்த்தேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அளக்காமல் கட்டாதீர்கள். அளக்கும் கருவி ஆகாதவரிடம் இருந்தாலும் போய்க் கேளுங்கள்.

மாநிலப் போட்டியில் ஸ்டெல்லா மூன்றாவதாக வந்தார். பதக்கத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர், என் வாசலைத் தாண்டி நேரே எதிர் அறைக்குப் போனார். அங்கே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வந்தார்.