நான்கு மாணவிகளும் ஒரு வேனும்

ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்த அன்று காலை, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு நோயெதிர்ப்பியல் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முயல் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. தட்டின் குழிகளில் நிறம் தெரிய ஒரு மணி நேரமாகும். அதற்குள் நகாசியில் எங்கள் வீட்டிலிருந்து மாமனார் போன் செய்தார்.

"பார்லிமெண்ட்டுல துப்பாக்கியோட பூந்துட்டாங்களாம்மா. பஸ் எல்லாம் பந்த். டவுன்ல நம்ம இந்தியக்காரங்க கடையாப் பாத்து ஒடைக்கிறாங்க. நீ வெளிய வராதே."

செய்தி பரவியதும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மிஞ்சியது நான்கு இந்திய மாணவிகளும், அம்மண்ணின் பூர்வகுடியான ஒரு ஃபிஜிய மாணவனும். அதிகம் பேசாதவன். அண்ணன் ராணுவத்தில் இருந்தான்.

"வேன் கொண்டுவரேன் மேடம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியேறினான்.

"அவனை நம்பலாமா மேடம்?" என்றாள் ஒருத்தி.

நான் கதவை உள்ளே தாழிட்டேன். "தட்டைக் கழுவுங்க, நேரமாச்சு" என்றேன். ஜன்னல் வழியே புகை வாசனை வந்தது. கழுவி நிறக்கரைசலை ஊற்றியதும் குழிகள் மஞ்சளாக மாறின. குறித்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"நான்தான் மேடம்."

திறக்கவில்லை. "கூட யாரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா."

கதவைத் திறந்தேன். பூப்போட்ட நீள உடையில் ஓர் அம்மாள் மூச்சுவாங்க நின்றிருந்தார். பெண்கள் பயப்படக் கூடாதென்று அவரையும் அழைத்து வந்திருந்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வழியில் தடிகளோடு இளைஞர்கள் வேனை மறித்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த பெண் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, ஃபிஜிய மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர்கள் விலகினார்கள். ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம்.

அடுத்த பருவத்தின் நடுவில், ஆக்லாந்து போக எனக்கு நியூசிலாந்து விசா வந்தது. துறையில் ஏற்கெனவே இருவர் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டிருந்தார்கள். கடைசி நாளில் அந்த மாணவன் என் அறைக்கு வந்தான்.

"மீதிப் பாடத்த யார் எடுப்பாங்க மேடம்?"

"யாராவது வருவாங்க."

அது பொய்யென்று இருவருக்கும் தெரிந்திருந்தது. என் குறிப்பேடுகளை மொத்தமாக அவனிடம் கொடுத்தேன். தேர்வு முடிந்தபின் கடிதம் எழுதினான்: யாரும் வரவில்லையாம். மிஞ்சியவர்கள் நூலகத்தில் கூடி, அவன் என் குறிப்பேடுகளைப் படித்துக்காட்ட, தாங்களே படித்துத் தேர்வு எழுதினார்களாம். இரண்டு பேர் தேறவில்லை. யாரென்று அவன் எழுதவில்லை.