இடுப்பில் செருகிய கட்டுத்துணி

போன வாரம் முழங்காலுக்குக் கட்டுப் போட நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கட்டுப் போட்ட நர்ஸ் பெண் சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "தூங்கலையா மக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"நேத்து எங்களுக்கு ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் கிளாஸும்மா. கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயி, இடுப்புல ரிப்பனைத் தொங்கவிட்டு, பந்தைத் தூக்கிட்டு ஓடச் சொன்னாங்க. ஃபிளாக் ஃபுட்பாலாம். ஆளைத் தள்ளப்பிடாது, ரிப்பனை உருவினாப் போதும். டூட்டி முடிஞ்சு வந்தவளை ஓட விட்டா முதுகு ஒடியாதா, நீங்களே சொல்லுங்க."

நான் சிரித்திருக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பாவம் அந்தப் பெண், வலிக்கிறதாக்கும் என்று கட்டைத் தளர்த்தினாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்த புதுத் துணி. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை.

எங்கள் காலத்துக் கட்டுத்துணிக்கு வாசனை உண்டு. காயத்திலிருந்து அவிழ்த்ததை அலசி, அண்டாவில் வேகவைத்து, வெயிலில் கொடி கட்டி உலர்த்தி, சுருட்டி மறுபடியும் எடுத்துவைப்போம். கார்பாலிக் நெடியும் வெயிலும் கலந்த ஒரு மணம். சோறு பிசையும்போதுகூட விரலில் அதுதான் வரும். நாடு விடுதலையாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் சீமை திருவிதாங்கூர்-கொச்சியோடு ஒட்டிக்கிடந்த நேரம். நான் பூதப்பாண்டியிலிருந்து தகரப்பெட்டியோடு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு வந்து சேர்ந்தேன். "கண்டவன் புண்ணைத் துடைக்கியதுக்கா உன்னப் பெத்துப் போட்டோம்?" என்று மாமா கேட்டார். அவர் வயலில் எனக்குப் பங்கு தருவதாக இருந்தால் துடைக்காமல் இருந்திருப்பேன். அதைச் சொன்னேன். அப்புறம் அவர் என்னோடு பேசவில்லை, எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லெல்லாம் அன்று கிடையாது. எங்களிடம் வெப்ராளம் இருந்தது. நெஞ்சு படபடக்கிறது, கை நிற்கவில்லை, மூச்சு மேலே ஏறிக்கொள்கிறது என்றால் "அவளுக்கு வெப்ராளம்" என்பார்கள். அதற்கு மருந்து சுக்கைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய சுக்குவெள்ளம். அதற்கும் கேட்கவில்லையென்றால் ஏச்சு.

தங்கத்துக்கு அந்த வெப்ராளம்தான். வட்டக்கோட்டைப் பக்கம் அவள் ஊர். காலையில் குளித்ததும் நெற்றியில் நாமம் இட்டுக்கொள்ளும் குடும்பம். சின்ன வயசிலேயே கட்டிக்கொடுத்து, கட்டியவன் கொழும்புக்குக் கப்பலேறி, ஒரு தகவலும் இல்லாமல் போய்விட்டான். மாமியார் திருப்பி அனுப்பிவிட்டாள். அண்ணன் வீட்டில் நெல் குத்தவும், சாணி அள்ளவும், மதினியிடம் ஏச்சு வாங்கவும் ஓர் ஆள் கிடைத்தாள். உள்ளூர் டீச்சர் ஒருவர் அண்ணனிடம் மன்றாடி அவளை இங்கே சேர்த்தார். முதல் தவணை முடிவில், நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டர் முன்னால் கட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் படிப்பு தொடரும், இல்லையென்றால் திரும்பவும் அண்ணன் வீடு. "அந்த வாசப்படியை இனி மிதிச்சா நான் செத்தேன்னு வச்சுக்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வந்த புதிதில் பிரசவ வார்டில் ஒரு பெண் தங்கத்தின் கையைப் பிடித்தபடியே இறந்துபோனாள். அன்றிலிருந்து தங்கத்தின் கை நிற்காது. ட்ரேயைத் தூக்கினால் கத்தரியும் இடுக்கியும் கிலுகிலுவென்று ஆடும். "தங்கம் வாறா, சலங்கை கேக்கு" என்று கேலி பேசுவோம். நானும்தான்.

எங்களுக்கு மேலே ரோஸ் அக்கா என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தாள். யுத்தத்தின்போது வடக்கே எங்கோ பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். எந்நேரமும் வாயில் வெற்றிலை. பெரிய சிஸ்டர் வந்தால் அப்படியே விழுங்கிவிடுவாள், விக்கல் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பட்டாள ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காயம் ஆறிவரும் சமயம் ஒரு விளையாட்டு ஆடுவார்களாம். ஒருவனை ஒருவன் மோதினால் தையல் பிரியும் என்று இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு அதை உருவுவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களைத் துணி உலர்த்தும் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ரப்பர் விரிப்பின் துண்டுக்குள் தேங்காய் நார்த் தும்பை அடைத்து நீளவாக்கில் ஒரு பந்து தைத்திருந்தாள். பார்க்க வாழைப்பூ மாதிரி இருக்கும். கொடியில் உலர்ந்த கட்டுத்துணியை ஆளுக்கு இரண்டாக இடுப்பில் செருகிவிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்கட்டி. பந்து ஆரு கையில இருக்கோ அவ அந்தத் துணிக்கொடிக் கம்பைப் பாத்து ஓடணும். மத்தவ இடுப்புத் துணியை உருவினா அங்கேயே நின்னுரணும். ஆளைத் தொடப்பிடாது. துணியை முடிச்சுப் போடப்பிடாது. முக்கியமா, ஓடுகப்போ துணியைக் கையால பொத்தப்பிடாது."

"பொத்தாட்டா உருவிருவாளே அக்கா?"

"உருவட்டுமே. உருவினா என்ன, உயிரா போகும்? நின்னு மூச்சு விட்டுட்டு மறுபடியும் ஓடு. சவம், அதுக்குத்தானே விளையாட்டு."

உருவ வந்தால் இடுப்பை வெட்டி ஒதுங்கலாம், பந்தைக் கூட்டாளிக்கு எறிந்துவிடலாம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஒரு பக்கத்துக்காரிகள் வட்டமாகக் கூடி, தோளில் கைபோட்டு, தலைகளை முட்டவைத்து, யார் ஓடுவது என்று குசுகுசுப்பதுதான். எங்கே குசுகுசுத்தோம்? "இன்னிக்கு மூலைக் கட்டில் பிள்ளை போயிட்டு" என்பாள் ஒருத்தி. "எனக்கு அம்மையைப் பாக்கணும்" என்பாள் இன்னொருத்தி. அந்த வட்டத்துக்குள் அழுதால் வெளியே தெரியாது. ஒரே பந்தியில் உட்காராத வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தோளில் கைபோட்டு நின்றோம். வீட்டில் தெரிந்திருந்தால் தலைமுழுகச் சொல்லியிருப்பார்கள். ரோஸ் அக்கா வெளியே நின்று, "முடிஞ்சுதாட்டி அழுகை? ஓடுங்க!" என்று கத்துவாள்.

தங்கம் ஓடினாள் பாருங்கள்! சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இரண்டு பக்கமும் துணி பறக்க, பந்தை நெஞ்சோடு அணைத்து, சிரித்துக்கொண்டே ஓடுவாள். அவள் துணியை உருவ நான் பாய்ந்து பாய்ந்து மண்ணைத்தான் கவ்வியிருக்கிறேன். வாரங்கள் போகப்போக வார்டிலும் ட்ரே ஆடுவது குறைந்தது. நடுக்கம் தொடங்கினால் நின்று ஒரு மூச்சு விடுவாள், பிறகு நடப்பாள். தேர்வு நாளில் ஒரு கிழவருடைய காலில் அவள் சுற்றிய கட்டைப் பெரிய சிஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்று" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என்னையெல்லாம் "பரவாயில்லை" என்றுதான் தள்ளிவிட்டார்.

ஆனால் ஒரு காரியம் எங்களில் ஒருத்திக்கும் தோன்றாமல் போயிற்று. எங்கள் சேலை வெள்ளை. இடுப்பில் செருகிய கட்டுத்துணியும் வெள்ளை. மைதானத்தின் மதில் இடுப்பளவுதான், அதற்கப்பால் பஸ் போகிற ரோடு. அங்கிருந்து பார்த்தவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பெண்கள் பட்டப்பகலில் ஒருத்தி சேலையை ஒருத்தி உருவிக்கொண்டு ஓடுவதாகத் தெரிந்திருக்கிறது. வெளுப்புக்குப் போடும் நீலம் வாளி வாளியாக எங்களிடம் கிடந்தது. துணியை அதில் ஒரு முக்கு முக்கியிருந்தால் போதும். கட்டுத்துணி என்றால் வெள்ளை என்று படிந்துபோன புத்தி.

டீக்கடைப் பேச்சு சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து வட்டக்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. தேறிய மறுநாளே அண்ணன் வந்து நின்றார். ரோஸ் அக்கா கட்டுத்துணியைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினாள்.

"இதைத்தான் அண்ணாச்சி உருவினது. சேலையை ஆரும் தொடல்ல."

"எதை உருவினா என்னம்மா? உருவுகதைப் பாத்தவன் ஊருல இருக்கான். எனக்கும் பெண்பிள்ளை இருக்கு, கெட்டிக்குடுக்கணும்."

"அவ பாஸாயிட்டா. இனி உங்களுக்குப் பாரம் இல்லை" என்று நான் கத்தினேன். என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் அவர். அவர் அழைத்தால் அனுப்பத்தான் வேண்டும் என்றார் பெரிய சிஸ்டர். அதைச் சொன்னபோது சிஸ்டர் முகமும் நன்றாக இல்லை. தங்கம் பெட்டியை எடுக்கப் போனாள். பெட்டியைத் தூக்கும்போது அதன் கைப்பிடி கடகடவென்று ஆடியது, எனக்குக் கேட்டது.

விளையாட்டு அதோடு நின்றது. மதிலை ஆள் உயரத்துக்கு எழுப்பினார்கள். ரோஸ் அக்கா மலாயாவுக்குப் போய்விட்டாள்.

நம் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருடம் நான் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மெலிந்து கிடந்தாள், தலையில் பாதி நரை, இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. நாமத்தைப் பார்த்துத்தான் தங்கம் என்று தெரிந்துகொண்டேன். "ஒரு பாத்திரம் உருப்படியாத் தேய்க்கமாட்டேங்கா" என்றாள் மதினி. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். அன்று கட்டிலுக்கு அடிபிடி.

அண்ணன் கூட்டிப்போக வந்தபோது தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், என்னை அனுப்பிராதீங்க. கட்டில் வேண்டாம், தரை போதும்." கூடப் படித்த என்னைத்தான் சிஸ்டர் என்றாள். டாக்டரிடம் ஓடினேன், பெரிய சிஸ்டரிடம் ஓடினேன், சண்டை போட்டேன். நோய் இல்லாத ஆளை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டார்கள். வெப்ராளம் என்று ஒரு நோய் அவர்கள் புத்தகத்தில் இல்லை. அண்ணன் வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மழைக்குள் தங்கம் இல்லை என்று தகவல் வந்தது. எப்படி என்று கேட்டேன். சொன்னவர் பேச்சை மாற்றிவிட்டார்.

நாங்கள் படித்த ஆஸ்பத்திரி இன்று இல்லை. துணி உலர்ந்த மைதானத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. துணியை வேகவைப்பவரும் இல்லை, வெப்ராளம் என்று சொல்பவரும் இல்லை. தோளில் கைபோட்டு நின்ற வட்டத்தில் ஒவ்வொருத்தியாகப் போய் நான் மட்டும் கிடக்கிறேன். தங்கம் சிரித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்த கண் இந்த உலகத்தில் இனி என்னுடையது ஒன்றுதான். அதிலும் புரை விழுந்துவிட்டது.