கோலமாவில் போட்ட தோட்டம்

மொட்டை மாடியில் நாலு பையில் தக்காளி வைக்கப்போகிறேன் என்று மகன் ஒரு மூட்டை உரம் வாங்கி வந்தான். வாயைப் பிரித்ததும் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாடை. அவ்வளவுதான், நான் இங்கே இல்லை. மோகனூர்ப் பக்கம் ஆலைக் குடியிருப்பில், கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. நாமக்கல் பக்கம் பரம்பரைக் குடியானவர். கிணறு வற்றி, கண்முன்னே பயிர் காய்ந்ததும், "இனி மண்ணத் தொட்டா ஏன்னு கேளு புள்ள" என்று சொல்லிவிட்டு வந்தவர். நானோ சேலத்து டவுன்காரி. ஒரு ரோஜாச் செடியைக்கூட உருப்பட விட்டதில்லை. எனக்குத்தான் தோட்டம் போடும் ஆசை வந்தது, பாருங்கள்!

வீட்டுக்குப் பின்னால் நாலு புடவை காயப்போடுகிற இடம் சும்மா கிடந்தது. நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். இத்தனை வயிற்றுக்கும் அதிலேயே காய் எடுத்துவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளுக்குள் எண்ணம் வேறு. வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷனை எப்படியாவது கொல்லைக்கு இழுத்துவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்தது கோலம் ஒன்றுதான். விடியற்காலையில் அரிசிமாவை எடுத்துப் போய்த் தரையிலேயே தோட்டம் போட்டேன். இந்தக் கட்டத்தில் கத்திரி, அதில் தக்காளி, ஓரத்தில் தண்டுக்கீரை, வேலியில் அவரை. நட்டநடுவில் தாமரை வந்துவிட்டது. கைப்பழக்கம், என்ன செய்ய? அதைப் பூசணிக்கு ஒதுக்கினேன். வெயில் ஏற ஏற அந்த வெள்ளைக் கோடுகளுக்குள் எனக்குப் பச்சை தெரிந்தது, சத்தியமாக. எறும்புகள் வந்து பாதித் தோட்டத்தைத் தூக்கிக்கொண்டு போயின. மிச்சமிருந்த கோட்டின்மேல் பாத்தி கட்டினேன். அவர் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா, "ஆலையில கரும்புச்சாறு வடிச்ச கசடு, கருப்பு மண்ணாட்டம் குமிஞ்சு கெடக்குது, அம்முணி. தங்கமாட்டம் ஒரம்" என்றார். விடுவேனா? அந்தப் புளிப்பும் இனிப்புமான வாடையோடு, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து கொட்டி, அன்றைக்கே நாற்றை நட்டேன். மறுநாள் பார்த்தால் அத்தனையும் வெந்த கீரை. உட்கார்ந்து அழுதேன். காய்ந்த பயிரை அவருக்கு மறுபடியும் காட்டிவிட்டேனே என்றுதான் அழுகை.

ஷிப்ட் முடிந்து வந்தவர் கதவருகே நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, குத்தவைத்து, முழங்கைவரை மண்ணுக்குள் கையை விட்டார்.

"ஏம்புள்ள, அடுப்பு மேலயா நட்டு வெப்பே? இது மழ பட்டு ஆறோணும்."

"தெரியலீங்க மாமா."

"செரி, மம்பட்டிய எடு."

கருப்பு மண்ணை மூலையில் குமித்தார். குளிக்கிற தண்ணீரைத் திருப்பி வாய்க்கால் வெட்டினார். தாமரைப் பாத்தியைப் பார்த்ததும், "பூசணிக்கு இதென்ன சிம்மாசனம்? அது கூரைக்கு ஓடிப்போயிரும்" என்று சிரித்தார். ஊரைவிட்டு வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு.

மழைக்குப் பிறகு காய்த்தது பாருங்கள், அப்படியொரு காய்ப்பு! சாயங்காலம் அடுப்பில் அரிசியும் பருப்பும் வெந்துகொண்டிருக்கும். அவரைப் பந்தலுக்குள்ளிருந்து, "இத்தன போதுமா புள்ள?" என்று குரல் மட்டும் வரும்.

அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது ஃபோனில் சொன்னால் காய் வாசலுக்கு வருகிறது, கழுவவே வேண்டாமாம். நான் கழுவுகிறேன். அவர் பறித்துப் போட்ட காயைக் கழுவினால் தண்ணீர் கருப்பாக ஓடும். இப்போது தெளிவாக ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதுதான் அவர் இல்லை என்பது எனக்கு உறைக்கிறது.