மெயினை இறக்கும் ராணி

லூர்துசாமி மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி ஆரோக்கிய ராணி மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாள். புயலுக்கான ஒத்திகை அது. முன்கூட்டிச் சொல்வது கிடையாது. மாதத்தில் ஒரு நாள், விளக்கு வைத்த பிறகு, யாரும் நினைக்காத நேரம். வீடு கும்மிருட்டாகும். கதவருகே நின்றபடி ராணி கேட்பாள்: "கேஸு?" லூர்துசாமி எச்சில் கையோடு சுவரைத் தடவிப் போய் ரெகுலேட்டரை மூட வேண்டும். "டார்ச்சு?" மகள் நித்யா மேரி எடுக்க வேண்டும். "குக்கரு?" அதுவும் மகள் வேலைதான்.

"முள்ளு தொண்டையில மாட்டுனா அதுக்கு என்ன ஏற்பாடு வெச்சிருக்க?" என்று லூர்துசாமி ஒருமுறை இருட்டிலிருந்து கேட்டார். "சோத்த உருட்டி முழுங்குங்க" என்று பதில் வந்தது.

குக்கரில் சோறு இருக்காது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், நித்யாவின் பட்டச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். ரப்பர் வளையத்தோடு இறுக மூடினால் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது என்பது ராணியின் கண்டுபிடிப்பு. டார்ச்சில் ஒரு பேட்டரி எப்போதும் திருப்பிப் போடப்பட்டிருக்கும். பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துவிடக் கூடாது. சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்து, எந்த மட்டம் வரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்த்து, கேஸ் எவ்வளவு மிச்சம் என்பாள். கக்கூஸ் குழியை அடைக்க ஒரு மணல் மூட்டை கொல்லையில் தயாராகக் கிடக்கும். வெள்ளம் முதலில் தெருவாசல் வழியாக வருவதில்லை என்பது கடலூர் முதுநகரில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

ராணிக்கு மீன் வியாபாரம். விடியுமுன் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, லோடு ஆட்டோவில் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவாள். மீனைக் கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. பள்ளம் எழும்பி வந்தால் நல்ல மீன். எழும்பாவிட்டால் பேச்சே இல்லை, தள்ளிவிடுவாள்.

நித்யாவும் சிதம்பரத்தில்தான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணக்கு எழுதுகிறாள். பதினான்கு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையால் அடங்குகிற சர்க்கரை இல்லை. காலையும் இரவும் இன்சுலின் உள்ளே போனால்தான் அவள் நிற்பாள், நடப்பாள். இரண்டு வேளை தவறினால் வாந்தி, மூச்சிரைப்பு, பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில். ராணியின் மற்ற ஏற்பாடுகளெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றிப் போட்ட வேலி.

பக்கத்து வீட்டுத் தட்சிணாமூர்த்தி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் அதே மருந்துதான். இருவரும் ஒரே வரிசையில் நின்று வாங்குவார்கள். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய், அதில் பழைய செய்தித்தாள் அடுக்கிவைத்திருந்தார். மருந்து இருந்தது, குளுமைக்காக ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில். "ஒரு ஆத்தர அவசரத்துக்கு ஆவுமா மாமா இது? ரிப்பேர் பண்ணுங்க" என்று ராணி அவரைச் சாடாத மாதமில்லை. புயல் செய்தி வந்தால் தீப்பெட்டி, மெழுகுவத்தி, அவல் என்று அவர் வீட்டுக்கும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் எவரிடமும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடக் கேட்கமாட்டாள். பல வருடத்துக்கு முன்பு 'தானே' என்ற புயல் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, சின்னப்பிள்ளையான நித்யாவை இழுத்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீருக்காக ஒரு வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கதவைத் திறக்கவில்லை. அன்றோடு கேட்பதை விட்டாள்.

போன கார்த்திகையில் வந்த புயலுக்கு ராணியிடம் எல்லாம் தயார். படகுகள் போகாததால் துறைமுகத்தில் ஐஸ் மலிந்து கிடந்தது. ஒரு பெட்டி நிறைய வாங்கிவைத்தாள். பிற்பகலில் கரண்ட் போயிற்று. இரவு ஊசி போட்டு முடித்ததும், ஃப்ரிட்ஜில் இருந்த மூன்று பாட்டில்களையும் பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தாள். வஞ்சிரத்தை எப்படி வைப்பாளோ அப்படி: கீழே ஐஸ், மேலே ஐஸ், குளிர் இன்னும் ஏற இரண்டு கை கல்லுப்பு, அதன்மேல் சாக்கு. அவள் கை முப்பது வருடமாகச் செய்கிற வேலை. யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

காலையில் காற்று நின்றிருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். வேப்பமரம் மின்கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது. நித்யா எழுந்ததிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். விரலைக் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. ராணி பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். குலுக்கினாள். சத்தமில்லை. உப்பு ஏற்றிய குளிரில் மூன்றும் கல்லாக இறுகியிருந்தன.

"உருகட்டும்மா. கையில வெச்சு உருட்டுனா சரியாப்பூடும். போட்டுக்கறேன்" என்றாள் நித்யா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ராணி உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து உருட்டினாள். ஐஸ் கரைந்தது. வழக்கமாகப் பால் போல ஒரே சீராகக் கலங்குகிற மருந்து, இப்போது வெளிச்சத்தில் பிடித்தால் திரிதிரியாக அடியில் நின்றது. இன்னும் உருட்டினாள். திரி போகவில்லை. அவள் கட்டைவிரல் கண்ணாடிமேல் ஒருமுறை அழுந்தி நின்றது.

"போடாத."

"ஏன்?"

"கட்டியாயி உருகுன மீனு இது. பாக்க மீனாட்டம்தான் இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது." மூன்றையும் மகள் கைக்கு எட்டாத அலமாரி மேல் வைத்தாள்.

லூர்துசாமி லுங்கியை மடித்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போவதாகக் கிளம்பினார். ராணி வாசலை மறித்து நின்றாள். தண்ணிக்குள்ள கம்பி கெடக்கு, எதுல கரண்டு இருக்குதுன்னு யாருக்குத் தெரியும், நீங்களும் விழுந்தா நான் யாரப் பாக்குறது என்றாள். அவர் நின்றுவிட்டார்.

இனி இருந்தது கொல்லைப்புறச் சுவர் ஒன்றுதான். இடுப்பளவுச் சுவர். ராணி அதில் கைகளை ஊன்றி நின்றாள். அந்தப் பக்கம் தட்சிணாமூர்த்தி இருமுவது கேட்டது. உள்ளே நித்யா மறுபடி சொம்பை எடுக்கும் சத்தம் கேட்டது. புடவையை இழுத்துச் செருகி, சுவரேறிக் குதித்து, அவர் கொல்லைக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர், "என்ன ராணி, தீப்பெட்டி நனைஞ்சிடுச்சான்னு பாக்க வந்தியா?" என்றார்.

"எனக்கு வேணும் மாமா."

அவள் வாயிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை அது. "என்னா வேணும்?"

"மருந்து. நித்யாவுக்கு. எங்கூட்டுத நானே கெடுத்துட்டேன்."

அவர் சமையலறை மூலையில் குந்தி, சட்டியின் ஈரத்துணியை விலக்கி, மணலுக்குள் கைவிட்டார். பிரிக்காத பாட்டில் ஒன்று மணலோடு வெளியே வந்தது. ராணி அந்த அவசரத்திலும் அதை முந்தானையில் துடைத்து, பேரைப் படித்தாள், தேதியைப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். சீராகக் கலங்கியது.

"ஃப்ரிட்ஜ ரிப்பேர் பண்ணிடட்டுமா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டுச் சுவரேறினாள்.

ஊசி போட்ட பிறகும் அவள் உட்காரவில்லை. மகள் விரலைக் குத்தி எண் இறங்குகிறதா என்று பார்ப்பதும், கொல்லையில் போய் நிற்பதுமாக இருந்தாள். மத்தியானம் இருநூறுக்குக் கீழே வந்ததும்தான் காப்பி போட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வழி கிடைத்தது. வாங்கிய மருந்தில் முதல் பாட்டில் தட்சிணாமூர்த்தியின் சட்டிக்குத் திரும்பிப் போனது.

இப்போது ராணி வீட்டிலும் ஒரு மண்சட்டி இருக்கிறது. ஐஸ் பெட்டி மீனுக்கு மட்டும். "அம்மா தோத்தது அந்த ஒரு தடவதான்" என்று நித்யா சீண்டுவாள். ராணி காதில் வாங்காதவள் போல மணலில் தண்ணீர் தெளிப்பாள்.

சென்ற வாரம் லூர்துசாமி இரண்டாம் கவளம் எடுக்கும்போது மெயின் இறங்கியது. கேஸ் மூடியாயிற்று. டார்ச் வந்தது, குக்கர் வந்தது, சட்டி வந்தது. சுவிட்சை ஏற்றுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். ராணி ஏற்றவில்லை. இருட்டிலேயே கொல்லைக்குப் போய், சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தட்சிணாமூர்த்தி திறந்ததும், வெறுங்கையை அவர் முன் நீட்டி, "ஒத்திகைதான் மாமா. கேட்டுப் பழகணும்ல" என்றாள்.