கயிற்றைப் பிடிப்பவர் எண்ண வேண்டும்

குத்தூசியின் முனை இரும்புக் கயிற்றின் இரண்டு புரிகளுக்கு நடுவே இறங்கியது. வலது கை அதைச் சாய்த்துத் திருகியதும் புரிகள் வாய் திறந்தன. அந்த வாய் மூடுவதற்குள் இடது கை ஒரு தனிப் புரியை உள்ளே நுழைத்து, மறுபக்கம் வாங்கி, இறுக்கி இழுத்தது. மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு அடுத்த புரி. விரல் நுனிகளில் தோல் காய்த்து மஞ்சளாகியிருந்தது. இடது கட்டைவிரலில் நகம் இல்லை. ஆறு புரிகளும் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்ததும் கைகள் நின்று காத்திருந்தன.

"ஒண்ணு," என்றாள், எதிரே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்.

கைகள் மறுபடி தொடங்கின.

அந்தக் கைகள் ஸ்டானிஸ்லாஸுடையவை. ராயபுரத்துக்காரர், அறுபத்து மூன்று வயது. கயிற்றைப் பிடித்திருந்தவள் செங்கொடி. வியாசர்பாடியில் பிறந்து, இப்போது சிக்மகளூரில் காப்பிக்கொட்டை ஆலை ஒன்றில் கொட்டை பொறுக்குபவள். அவளிடம் எட்டு ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் அவர் கடற்கரையை விட்டு இந்த மலைக்கு வந்திருந்தார். முந்தைய நாள் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டும் சொல்லவில்லை. மாலை பஸ்ஸில் அவர் ஊர் திரும்ப வேண்டும்.

ஸ்டானிஸ்லாஸின் தொழில் இரும்புக் கயிற்றுக்குக் கண் பின்னுவது. கயிற்றின் நுனியை வளைத்து, புரிகளைப் பிரித்து, அந்தக் கயிற்றின் உடம்புக்குள்ளேயே திரும்பப் பின்னினால் ஒரு கண் உருவாகும். அந்தக் கண்ணில்தான் கொக்கி மாட்டுவார்கள், சுமை தொங்கும். காசிமேட்டு விசைப்படகுகளிலிருந்து எண்ணூர் வரைக்கும் அவர் கண் பின்னாத இடம் குறைவு. யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பதினெட்டு வயதில், துறைமுகத்துக்கு வெளியே எறியப்பட்டுக் கிடந்த அறுந்த கயிறுகளைத் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பின்னலாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எல்லாப் புரிகளும் ஒருமுறை உள்ளே போய் வந்தால் ஒரு பின்னல். ஐந்து பின்னல் போட்டால் பிடிக்கும். அதற்குக் குறைந்தால் ஒருநாள் நழுவும். நழுவிய கயிறுகளே அவருக்கு அதைச் சொல்லின.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னுகிறவர் எண்ணக் கூடாது. எதிரே கயிற்றைப் பிடிப்பவர்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். களைத்த கை தனக்கு வேண்டிய கணக்கைச் சொல்லும் என்பார்கள். ஒன்பது ஆண்டுகள் அவருக்குக் கயிற்றைப் பிடித்து எண்ணியவன் அறிவு, செங்கொடியின் கணவன். வியாசர்பாடியில் கால்பந்து ஆடியவன். முழங்கால் போன பிறகு கயிற்றுக்கு வந்தான். எண்ணுவதிலும் அவனுக்கு விளையாட்டுதான். "ஒண்ணாச்சு மாமு, ரெண்டாச்சு மாமு" என்று ஏலம் போடுகிறவன் போலக் கூவுவான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சரக்கு முற்றம். மழை தூறிக்கொண்டிருந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"நாலாச்சு மாமு."

"அஞ்சுன்னு சொல்லுடா. சுத்திக் குடு, போவட்டும்."

தான் போடும் நாலு பின்னல் மற்றவர்கள் போடும் ஆறுக்குச் சமம் என்று ஸ்டானிஸ்லாஸுக்கு அந்த நாட்களில் ஒரு நினைப்பு. அறிவு சிரித்தான். "நீ சொன்னா அஞ்சுதான் மாமு," என்றான். மெல்லிய கம்பியை எடுத்துப் பின்னல்களின் மேல் நெருக்கமாகச் சுற்றி மூடினான். முனைகள் கையைக் கிழிக்காமல் இருக்க எப்போதும் அப்படி மூடுவார்கள். மூடிவிட்டால் உள்ளே எத்தனை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் நாள் அந்தக் கண் நழுவியது. அன்று அந்த முற்றத்தில் கூலிக்கு நின்று சுமையைக் கைகாட்டி நகர்த்திக்கொண்டிருந்தவன் அறிவு.

விசாரணைக்கு வந்தவர் ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட்டு எத்தனை பின்னல் என்று கேட்டார். ஐந்து என்றார் ஸ்டானிஸ்லாஸ். இறந்தவன் தொங்கும் சுமைக்குக் கீழே போய் நின்றதுதான் காரணம் என்று எழுதிக்கொண்டார்கள். கீழே ஏன் நின்றான் என்ற கேள்விக்கு ஊர் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. குடித்திருந்தான். அறிவு குடிக்க மாட்டான் என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எதை எண்ணினாலும் நாலில் அந்தக் குரல் வரும். வீட்டு மாடிப்படியில் ஏறும்போது நாலாவது படியில் வரும். ஜெபமாலை உருட்டும்போது நாலாவது மணியில் வரும். இடது காதுக்குப் பக்கத்தில், மழையில் நனைந்த சட்டையின் வாடையோடு, "நாலாச்சு மாமு." அவர் விரல் அங்கேயே நின்றுவிடும். "உனுக்கு மட்டும் மாலையில நாலு மணிதான் கோத்திருக்குதா?" என்று மனைவி ஐரீன் கேட்டிருக்கிறாள். அவளிடமும் அவர் சொன்னதில்லை.

இந்த ஜனவரியில் சிக்மகளூரிலிருந்து கலீலுல்லா போன் செய்தான். புளியந்தோப்புக்காரன், அந்த ஆலையில் மெக்கானிக். மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றும் தூக்கியின் கயிறு தேய்ந்துவிட்டது, இயந்திரத்தில் அழுத்தி விற்கிற கண் அந்தப் பழைய கொக்கிக்குள் நுழையவில்லை, கையால் பின்னத்தான் வேண்டும் என்றான்.

"என்னால முடியாதுடா. கண்ணு மங்கிப்போச்சு."

"பேஜாரு பண்ணாத மாமு. சீசன் நேரம். கயிறு போற வழிக்கு நேர் கீழதான் பொம்பளைங்க உக்காந்து கொட்டை பொறுக்குறாங்க. நம்ம அறிவு சம்சாரம் கூட அங்கதான் கீது."

ஸ்டானிஸ்லாஸ் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு எந்த ரயில் என்று கேட்டார்.

பெங்களூரிலிருந்து பஸ். குத்தூசியும் சுத்தியலும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. கண்டக்டர் வந்து இரண்டு விரலைக் காட்டினார். ஸ்டானிஸ்லாஸ் ஒரு விரலைக் காட்டினார். கண்டக்டர் காலி இருக்கையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் பஸ் நிரம்பியது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அந்த இருக்கையில் உட்காரவில்லை. பேலூரைத் தாண்டியதும் பாதை வளைந்து ஏறத் தொடங்கியது. மரங்களுக்கு அடியில் கரும்பச்சையாகக் காப்பிச் செடிகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் இடது தோளில் யாரோ சாய்வது போல இருந்தது.

பகல் பதினொரு மணிக்கும் ஊரில் பனி கலையவில்லை. பெரிய ஊர்தான். துணிக்கடைகள், மருந்துக்கடைகள், காப்பித்தூள் அரைத்து விற்கும் கடைகளின் வரிசை. எல்லாப் பலகைகளிலும் அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. தெருக்கள் ஏறின, இறங்கின. ராயபுரத்தில் எந்தச் சந்தில் நின்றாலும் கடல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். இங்கே நாலு பக்கமும் மலை இருந்தது, அதன் மேல் வெள்ளையாகப் பனி. கிழக்கு எது என்று பிடிபடவில்லை. வறுத்த கொட்டையின் புகை பனிக்குக் கீழே தங்கி, தொண்டையில் கசந்தது.

லாட்ஜின் படிகளில் ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குரல் வரவில்லை. நின்று பார்த்தார். திரும்ப இறங்கி, மறுபடி ஏறினார். வரவில்லை. எட்டு ஆண்டுகளில் முதல்முறை. நிம்மதியாக இருக்க வேண்டும். அவரோ தெருவைத் திரும்பிப் பார்த்தார். கூட வந்தவன் எங்கே இறங்கிக்கொண்டான்?

ஆலைக்குப் பின்னால் ஓட்டு வீடுகளின் வரிசையில் செங்கொடியின் அறை. அன்று ஆலைக்கு விடுமுறை. கலீலுல்லா அவரை அங்கே சாப்பிட அழைத்துப் போனான்.

"வாண்ணே. இன்னா இப்டி எளைச்சுப் பூட்ட? அண்ணி சோறு போடுதா இல்லியா?"

மீன் குழம்பு வைத்திருந்தாள். "ஐஸ்ல வச்ச மீனு. காசிமேட்டு ஆளுக்கு இத்த ஊத்த எனுக்கே வெக்கமா கீது," என்றாள். மகள் யசோதரா மைசூரில் நர்சிங் படிப்பதாகச் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸ் சுவரைப் பார்த்தார். புத்தர் படம், ஒரு காலண்டர், மகள் பள்ளியில் வாங்கிய சான்றிதழ். அறிவின் படம் இல்லை.

அவர் பார்வை தேடியதை அவள் கவனித்துவிட்டாள்.

"அந்த ஆளு போட்டோ பெட்டிக்கு அடியில கீது. குடிச்சிட்டுப் போய் சுமைக்குக் கீழ நின்ன ஆளுக்கு மாலை போட்டா நாளைக்கு எம் பொண்ணு இன்னா கத்துக்கும்? அப்பன் பேரைக் கேட்டாலே அது வாயை மூடிக்குது. பள்ளிக்கூடத்துலயே அத்தச் சொல்லி ஓட்டுனானுங்க. அதுனாலதானே வியாசர்பாடிய விட்டு வந்தேன்."

ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறந்தார். பெட்டிப் பக்கத்திலிருந்து நனைந்த சட்டையின் வாடை வந்தது. வெளியே வெயில் வந்திருந்தது. அறைக்குள் எங்கும் ஈரத் துணி இல்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் காலை ஆலையின் பின்கட்டில் கலீலுல்லா புதுக் கயிற்றை இறக்கி வைத்திருந்தான். பிடிக்க ஒரு தடித்த ஆளையும் நிறுத்தியிருந்தான்.

"இவன் வேணாம். செங்கொடி பிடிக்கட்டும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அவ கொட்டை பொறுக்குறவ மாமு. இரும்பு பிடிக்கிற கையா அது?"

உள்ளே கொட்டைகள் ஓடும் பெல்ட்டின் ஓரம் உட்கார்ந்திருந்த செங்கொடி காதில் அது விழுந்தது. "ஏன், இரும்பு இன்னா கடிக்குமா?" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். எப்படிப் பிடிப்பது, எப்போது எண்ணுவது என்று அவர் சொன்னார். கயிற்றை அவள் இறுக்கிப் பிடித்த விதம் அவரைத் திடுக்கிட வைத்தது. இடது முழங்காலை மடக்கி, கயிற்றைத் தொடைக்குக் கீழே கொடுத்து, அறிவு பிடிப்பது போலவே பிடித்திருந்தாள்.

ஒன்று சொன்னாள். இரண்டு சொன்னாள். மூன்றாவது பின்னலில் ஒரு புரி முறுக்கிக்கொண்டது. பிரித்து மறுபடி போட்டார். மூன்று சொன்னாள். நெற்றியில் வியர்வை. குளிரில் கயிறு மட்டும் சுட்டது.

"நாலு," என்றாள்.

அவர் குத்தூசியைத் தரையில் வைத்தார்.

"இன்னாண்ணே, கை வலிக்கிதா?"

"அன்னிக்கு இங்கதாம்மா நிறுத்தினேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மழை, லாரி, நாலாச்சு மாமு. ஐந்து என்று சொல்லச் சொன்னது. அவன் சிரித்தது. கம்பி சுற்றி மூடியது. விசாரணையில் ஐந்து என்று சொன்னது. "அவன் குடிக்கல. கீழ நிக்கவும் இல்ல. நிக்க வேண்டிய எடத்துல, பக்கவாட்டுலதான் நின்னான், நான் பாத்தேன். கண்ணு நழுவி ஒரு பக்கம் சாஞ்சு அவன் மேல வந்துச்சு. எம் பின்னல்தாம்மா."

உள்ளே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டைகள் தகரத்தில் விழும் சத்தம் மழை போலக் கேட்டது.

செங்கொடி கத்தவில்லை. கயிற்றை விடவும் இல்லை.

"எட்டு வருசம் அந்த ஆளைத் திட்டிக்கினு கீறேன். காத்தால எழுந்தா திட்டு, படுக்கும்போது திட்டு. செத்த மனுசன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அத்தினி திட்டையும் நான் இப்ப எங்க கொண்டு போய் வைக்கிறது?"

அவள் கயிற்றை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கலீலுல்லா வந்து பார்த்தான். "இன்னா மாமு, பாதியில வுட்டுட்ட? இன்னும் ஒண்ணுதானே, நான் எண்றேன் போடு."

"அது வரட்டும்."

"வரலன்னா?"

"வரலன்னா இது கண்ணு இல்ல. வெட்டிப் போட்டுடு."

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. பெண்கள் எழுந்து போனார்கள், திரும்பி வந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாலு பின்னல் போட்ட கண் அவர் காலடியில், புரிகள் விரிந்து கிடந்தது. மேலே தூக்கியின் கொக்கி காற்றில் லேசாக ஆடியது. அவர் இடது பக்கம் யாரும் இல்லை. இல்லை என்பதை அவரால் உணர முடிந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவிக்கொண்டே இருப்பது போல.

மணி இரண்டரைக்கு அவள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"யசோகிட்ட போன்ல சொல்லிட்டேன். அப்பன் போட்டோவ அனுப்புன்னு மட்டும் சொல்லிச்சு."

"நான் போய் அந்தப் புள்ளைய ஒருவாட்டி…"

"வேணாம். அது உன்னைப் பாக்காது. நானும் இதோட பாக்க மாட்டேன். நீ ஊருக்குப் போய், இன்னா சொன்னியோ அத்த அப்டியே வியாசர்பாடியில எங்க தெருவுல நின்னு சொல்லு. எல்லாரும் இருக்கிற நேரமா பாத்துச் சொல்லு."

"சொல்றேன்."

அவள் உட்கார்ந்து கயிற்றை எடுத்துத் தொடைக்குக் கீழே கொடுத்து இறுக்கினாள். "எத்தினி போடணும்?"

"அஞ்சு. ஆறாவும் போடலாம்."

"அஞ்சு போடு. கூட ஒண்ணு போட்டு நல்ல பேரு வாங்க வேணாம்."

குத்தூசி இறங்கியது. ஒவ்வொரு புரியாக உள்ளே போய் வெளியே வந்தது. ஆறாவது புரியை இறுக்கி, தட்டி, கைகளை எடுத்தார். அவள் குனிந்து, கண்ணின் கழுத்திலிருந்து விரலை வைத்துக் கீழே கொண்டுவந்தாள். ஒவ்வொரு பின்னலிலும் விரல் நின்றது. நாலில் அதிக நேரம் நின்றது.

"அஞ்சு," என்றாள்.

வேறு எந்தக் குரலும் வரவில்லை.

அவர் மூடுவதற்கு மெல்லிய கம்பியை எடுத்தார். அவள் கையைக் குறுக்கே வைத்தாள். "இரு. கலீலு, இங்க வா. மூடறதுக்கு முன்னாடி நீயும் எண்ணு." கலீலுல்லா எதுவும் கேட்காமல் எண்ணினான். ஐந்து என்றான். உள்ளே இருந்து இரண்டு பெண்களையும் கூப்பிட்டாள். அவர்களும் தங்கள் பாஷையில் எண்ணினார்கள். அதன் பிறகே கையை எடுத்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் நெருக்கமாகச் சுற்றினார். நுனியை உள்ளே செருகி, தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எங்கும் குத்தவில்லை. கண்ணை இரண்டு கைகளாலும் தூக்கினார். கலீலுல்லா வாங்கக் கை நீட்டினான். செங்கொடி அவனுக்கு முன்னால் வந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் அதை அவள் கைகளில் வைத்தார்.