மூன்றாம் கேள்விக்கு முட்டை

எங்கள் ஆபீஸில் அவரை யாருக்கும் பிடிக்காது. எனக்கு எல்லாரையும்விட ஒரு படி கூடுதலாகவே பிடிக்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. வாசல் செக்யூரிட்டியிலிருந்து மேல்மாடி டைரக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் வடிகட்டிதான். "நான் வடிகட்டித்தான் உள்ள அனுப்புவேன்" என்று என்றைக்கோ ஒரு மீட்டிங்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாராம். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

லிஃப்டுக்கு மூளை செய்கிற கம்பெனி எங்களுடையது. எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவை எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிற சின்னப் பெட்டி. அதற்குள் ஓடும் புரோகிராம் முழுக்க சி மொழியில் எழுதுவது. சி ஒரு தலையாட்டி மொழி. நீங்கள் தப்பாகச் சொன்னாலும் "அப்படியா, சரி" என்று செய்துவிட்டுப் போகும், கேள்வி கேட்காது. அதை எழுதுகிறவர்களுக்கு கன்ட்ரோலர் டீம் என்று பெயர். அந்த டீமுக்குள் போக ஒரே வழி, வடிகட்டியின் அறை. பதினோரு வருடமாக வேறு வழி கிடையாது.

அறை என்று சொல்வதே அதிகம். ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு இரும்பு பீரோ, மூலையில் துணி போட்டு மூடிய ஒரு கிழட்டு கம்ப்யூட்டர். தேர்வு எழுத வருகிறவரிடம் எட்டுக் கேள்வி உள்ள தாளையும் பென்சிலையும் கொடுப்பார். பென்சிலின் பின்பக்க ரப்பரை ஏற்கெனவே வெட்டி எடுத்திருப்பார். "அழிக்கக் கூடாது. அடிச்சுட்டு எழுதுங்க. தப்பா யோசிச்சதும் எனக்குத் தெரியணும்" என்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எதிரிலேயே உட்காருவார். முகத்தைப் பார்க்க மாட்டார், நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேருக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். எட்டில் ஆறு எடுத்தால் உள்ளே. ஐந்து எடுத்தால் வெளியே. எங்கே தப்பு என்று கேட்டால் பதில் வராது. மொத்த மார்க் மட்டும்தான் சொல்வார், தாளைக் கண்ணில் காட்டவே மாட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் அந்த நாற்காலியில் முதல் தடவை உட்கார்ந்தேன். ஐந்து. ஹெச்.ஆரில் இருந்த ஒரு புண்ணியவதி பாவம் பார்த்து என்னை டெஸ்ட் பெஞ்சில் போட்டாள். பெஞ்ச் என்றால் கட்டடமே இல்லாத பன்னிரண்டு மாடி லிஃப்ட். பட்டன் பலகை உண்டு, மோட்டார் உண்டு, ஆள்தான் எங்கேயும் போக மாட்டார். நாள் முழுக்க ஏழாம் மாடியை அமுக்கிக்கொண்டு நான் தரையிலேயே உட்கார்ந்திருப்பேன். ஐந்து வருடத்துக்கு முன் மறுபடி எழுதினேன். மறுபடியும் ஐந்து. "இன்னும் படிக்கணும்மா" என்றார். அன்றைக்குப் பெஞ்சுக்கு வந்து நான் அவரைக் கரித்துக் கொட்டியதை மோட்டார் மட்டும்தான் கேட்டது.

ஒருவருக்கு மூன்று தடவைதான். அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் கிடையாது. அதுவும் அவர் வைத்த சட்டம்.

ஆளைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் சொல்லாமல் விட்டால் கதை புரியாது. அவருக்குப் பட்டம் கிடையாது. ஒரு உதிரி பாகக் கிடங்கில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே ஓரமாகக் கிடந்த கம்ப்யூட்டரில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்துத் தானே சி கற்றுக்கொண்டார். பதினேழு கம்பெனிகள் சர்டிபிகேட் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினவாம். அதனால்தான் தன் அறைக்கு வருகிறவர்களின் சர்டிபிகேட்டை அவர் தொடக்கூட மாட்டார். "அதை மூடி வைங்க. எழுதுங்க" என்பார். சிபாரிசும் செல்லாது. டைரக்டரின் மருமகனுக்கே மூன்று மார்க் போட்டவர்.

அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற கதை அவர் மச்சானுடையது. ஆபீஸ் ஆண்டு விழாவில் வடிகட்டியின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறவள், பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் மனதைத் திறந்துவிடுகிற ரகம்.

"என் தம்பியவே ஃபெயில் பண்ணவரு இவரு. ஒரே ஒரு மார்க்ல. ஆறு வருஷமாச்சு. அதுக்கப்புறம் எங்கம்மா வீட்டுப் பக்கம் இவரு தலைவச்சுப் படுக்கல. படுக்கவும் விடல அவங்க."

"நீங்க கேக்கலயாக்கா?"

"கேட்டேன். 'தெரியாதவன எப்படி உள்ள விடறது'ன்னாரு. அவ்வளவுதான். பசிக்குதா, வேணுமா, வேணாமா, இதுக்குமேல நானும் பேசறதில்ல."

மேடைக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வருடம் பெஞ்சை மூடப் போவதாகச் சொன்னார்கள். சோதனை வேலையை வெளியே கொடுக்கிறார்களாம். இரண்டு மாதத்துக்குள் வேறு டீமுக்குப் போகாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. வெளியே வேலை தேடினால் அங்கேயும் எவனாவது ஒரு வடிகட்டி பென்சிலோடு உட்கார்ந்திருப்பான். மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு, மூன்றாவது தேர்வு.

"அந்தாளு கால்ல விழுந்தாக்கூட பாஸ் போடமாட்டான்" என்றார் என் கணவர்.

"நான் ஏன் விழணும்? எழுதிட்டு வரேன்" என்றேன்.

எழுதினேன். வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தது. தாளை எழுதியவர் கண் முன்னாலேயே திருத்த வேண்டும் என்று ஹெச்.ஆர். புதிதாக உத்தரவு போட்டிருந்தது. கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் கேள்வி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதுக்கு முட்டை.

மூன்றாவது அவருடைய செல்லக் கேள்வி. மற்ற ஏழையும் மாற்றிக்கொண்டே இருப்பார், இதை மட்டும் பதினோரு வருடமாக மாற்றியதில்லை. கேள்வி இதுதான்: கம்ப்யூட்டர் ஒரு எண்ணைப் போட்டு வைக்கிற இடத்தில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் இருக்கிறது. அதோடு ஒன்றைக் கூட்டு. கூட்டியது பழையதைவிடச் சின்னதாகிவிட்டால் 'நிரம்பிவிட்டது' என்று அச்சடி. இந்த புரோகிராம் அச்சடிக்குமா, அடிக்காதா?

வண்டி மீட்டரில் எல்லாம் ஒன்பதாக ஆன பிறகு சுழன்று பூஜ்யத்துக்கு வருமே, அந்த மாதிரி சுழலும், அதனால் அச்சடிக்கும் என்பது வடிகட்டியின் விடை. ஆனால் கழித்தல் குறியும் வரக்கூடிய இந்த வகை எண்கள் அப்படிச் சுழலும் என்று சி மொழி எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. நிரம்பி வழியவிட்டது உன் தப்பு, அதன் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிறது. நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலர், 'கூட்டினால் எப்படிச் சின்னதாகும்' என்று அந்தச் சோதனையையே தூக்கிப் போட்டுவிடலாம். நான் மூன்று தடவையும் 'மொழி உத்தரவாதம் தரவில்லை, எதையும் நம்பக் கூடாது' என்றுதான் எழுதினேன். மூன்று தடவையும் முட்டை வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மொத்தம் ஐந்து. பேனாவை மூடினார்.

"சார், மூணாவது சரி."

"ஓட்டிப் பாத்துட்டுத்தாம்மா கேள்வியே போட்டேன். அச்சடிக்கும்."

"எந்த மெஷின்ல ஓட்டினீங்க?"

துணி மூடிய கிழத்தைக் கண்ணால் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே கம்பெனி கம்பைலரை மாற்றிவிட்டது. மாற்றிய முதல் வாரமே கதவு திறப்பதை எண்ணுகிற இடத்தில் இதே மாதிரி ஒரு சோதனை காணாமல் போய், நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். இவர் பரீட்சை வைப்பதிலேயே காலத்தை ஓட்டியவர். சொந்தமாக ஒரு வரி எழுதி வருடக்கணக்காகிறது.

"பெஞ்சுக்கு வாங்க சார். நீங்களே டைப் பண்ணுங்க."

என்ன நினைத்தாரோ, வந்தார். அவரே டைப் செய்தார். ஓட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓட்டினார். ஒரு எழுத்து பிசகியிருக்கும் என்று மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றாவது தடவையும் ஒன்றும் வரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"இது புது கம்பைலர் பண்ற வேலை" என்றார் மெதுவாக.

"பழசு பண்ணினதுதான் சார் தற்செயல். நீங்க அதையே சட்டம்னு நெனச்சுட்டீங்க. அன்னிக்கும் என் பதில்தான் சரி."

பெஞ்சின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் மூக்கு உடைந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அறைக்குத் திரும்பி பீரோவைத் திறந்தார். வருட வாரியாகக் கட்டிய தாள்கள். கட்டுகளைப் பிரித்துத் தரையில் பரப்பி, ஐந்து மார்க் தாள்களை மட்டும் பொறுக்கி, மூன்றாவது விடையைப் படித்தார். என் மாதிரியே எழுதி, அந்த ஒரு முட்டையால் வெளியே போன தாள்களைத் தனியாக அடுக்கினார். சாயங்காலம் பார்த்தபோது இருபத்து மூன்று இருந்தன. அதில் இரண்டு என்னுடையவை. ஒரு தாளை மட்டும் அடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். அவர் மச்சான் தாள். மூன்றாவது கேள்விக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தான், என்னைவிடத் தெளிவாக.

"எனக்குத் தெரியாதத அவன் எழுதியிருக்கான்மா" என்றார்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை.

சிவப்புப் பேனாவை எடுத்து என் தாளில் ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். பிறகு தாள்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்க சார் போறீங்க?"

"ஹெச்.ஆருக்கு. இத்தன பேரையும் திரும்பக் கூப்பிடணும். தேர்வே செல்லாதுன்னு எழுதிக் குடுக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்வு செல்லாது என்றால் இன்றைக்கு எழுதியதும் செல்லாது. புதுத் தாள், புது ஆள், புதுக் கமிட்டி என்று மூன்று மாதம் இழுப்பார்கள். பெஞ்சுக்கு இருப்பதோ இரண்டு மாதம்.

"வேணாம் சார்" என்றேன். கதவை மறித்துக்கொண்டு நின்றேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. "என் ஆர்டர் வரட்டும். அப்புறம் சொல்லுங்க."

அவர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கு ரெண்டு தடவ பண்ணிட்டேன். மூணாவது தடவ பண்ணமாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மூன்றாவது வாரம் ஆர்டர் வந்தது. இப்போது ஹெச்.ஆரிடம் சொல்லலாமா என்று அன்றைக்கே வந்து கேட்டார். ஆறு மாதம் புரொபேஷன் சார், நடுவில் கிளறினால் என்னைத் தூக்கிவிடுவார்கள் என்றேன். அது உண்மைதான். சரி என்றார். தேர்வு வைப்பதை மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார்.

"மச்சான்கிட்ட மட்டுமாவது சொல்லிக்கட்டுமா? வீட்ல அவகிட்டயாவது?"

"அவங்க தம்பி சும்மா இருப்பாரா சார்? நேரா இங்க வந்து நிப்பாரு."

தலையாட்டினார். அவர் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றால், அவர் மனைவியை மருந்துக்கடையில் பார்த்தேன். "இப்பல்லாம் இவரு ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட சரியா உக்காரறதில்ல, என்னன்னு கேட்டா சொல்றதுமில்ல" என்றாள். எனக்குத் தெரியாது அக்கா என்றேன்.

கன்ட்ரோலர் டீமில் நான் நன்றாகவே வேலை செய்கிறேன். என் மேலாளரே சொல்கிறார். நான் எழுதிய கதவுப் பகுதி இப்போது எத்தனையோ கட்டடங்களில் ஓடுகிறது. இதெல்லாம் எனக்கு ஒன்பது வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது என்று ஒரு நாள் விடாமல் நினைத்துக்கொள்கிறேன். அந்தத் தாள் கட்டில் இருக்கும் மற்றவர்களால் அப்படி நினைத்துக்கொள்ளக்கூட முடியாது. தங்களுக்குத்தான் விடை தெரியவில்லை என்று அவர்கள் எங்கேயோ உட்கார்ந்து நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் என் புரொபேஷன் முடிந்தது. வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்த அன்று மத்தியானம் வடிகட்டி என் சீட்டுக்கு வந்தார். கையில் அந்தக் கட்டு. சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆள் இளைத்திருந்தார்.

"முடிஞ்சுதாம்மா? இப்ப போலாமா?"

இப்போது சொன்னால் என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஆறு மாதம் தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். அவரைக் கேட்பார்கள், என்னையும் கேட்பார்கள். அந்த ஆளோடு ஒரே வரிசையில் நான் நிற்க வேண்டியிருக்கும்.

"இப்ப ஒரு மீட்டிங் இருக்கு சார்" என்று எழுந்து போனேன். மீட்டிங் எதுவும் இல்லை.